பித்தளை விளக்குதல்

விளக்கு என்னும் சொல் சுடரேந்தும் கலத்தைக் குறிக்கும். பாத்திரத்தின் மாசு போக்குவதையும் குறிக்கும். ஒரு பொருளைத் தெளிவுபட உரைப்பதையும் குறிக்கும். மறைந்து கிடந்தது ஒளிபெறுதல் என்பதே மூன்றிற்கும் பொதுக் கருத்து. குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்கும் வழக்கம் தமிழ் இல்லங்களில் வழிவழியாக வருவது. அதன் அடிப்படையே, துப்பாக்கி சுடுவோர் வெடித்து முடிந்த தோட்டாக் கூடுகளைத் துலக்கும் முறைக்கும் அடிப்படை என்றால் சிலர் வியப்படையலாம். இரண்டும் பித்தளையே. ஆனால் விளக்கில் நேரும் பிழையால் பளபளப்பு மட்டுமே கெடும். தோட்டாவில் நேரும் பிழையால் சுடுபவரின் கண்ணும் கையும் கெடலாம்.

தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உண்டு. வெடிக்கும்போது கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாமல் தடுக்கும். பின்னர்ச் சிறிது சுருங்கிக் கழன்று வரும். இவ்வியல்பினாலேயே அதில் மீண்டும் மருந்திட முடிகிறது. ஆயினும் கூட்டின்மேல் புகைக்கரியும் உலோகத் துருவும் படிந்துவிடும். அவை அச்சைக் கீறும். அதனினும் கேடாக, கூட்டில் உள்ள வெடிப்பை மறைத்துவிடும்.

புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் மென்மையானது. அது துருவைக் கரைக்கும். உலோகத்தை அவ்வளவாகத் தாக்காது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் அத்தகையதே. ஆகவே, அடியிலுள்ள வெடித்த எரியூட்டியைக் கழற்றிய பின், கூடுகளை மென்மையான சிட்ரிக் அமில நீரில் சில நிமிடங்கள் இட்டு, நன்னீரில் அலசி, முற்றும் உலர்த்துவர். ஈரம் எஞ்சினால் மருந்து கெடும். அமிலம் கடுமையாயினும், ஊறும் நேரம் மிகுந்தாலும் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சும்; பித்தளையின் மஞ்சள் நிறம் மாறி இளஞ்சிவப்புத் தோன்றும். இது வலிவு குறைந்ததன் அறிகுறி. சோளத்தக்கைத் தூளோடு கூடுகளைச் சுழலும் உருளையில் இட்டுத் துலக்குவதும் உண்டு. எரியூட்டியின் ஈயம் அத்தூளில் கலந்திருக்குமாதலின், அதனைச் சமையலறையில் செய்தல் ஆகாது.

இனி, அமிலத்தினும் அஞ்சத்தக்கது அம்மோனியா. இந்தியாவில் ஆங்கிலப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்க்கையில் பல கூடுகள் தாமாகவே வெடிப்புற்றுக் கிடந்தன. பருவத்தையொட்டி வந்தமையால் இதனைப் பருவ வெடிப்பு என்றனர். காரணம் 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரின் ஆய்வால் தெளிவாயிற்று. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. தோட்டாக் கூடு தட்டையான தகட்டிலிருந்து குளிர்நிலையில் இழுத்து வடிக்கப்படுவது. அதனால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அவ்விறுக்கமும் அம்மோனியாவும் கூடிய இடத்தில் உலோகம் பிளந்தது. அளவோடு சூடேற்றி இறுக்கத்தைத் தணிப்பதே பரிகாரம் என்றும் கண்டனர். வார்த்துச் செய்யும் குத்துவிளக்கில் அத்தகைய இறுக்கம் மிகக் குறைவு. எனவே, கடைகளில் விற்கும் அம்மோனியா கலந்த மெருகு மருந்து விளக்குக்குப் பொருந்தினாலும் தோட்டாவுக்குப் பொருந்தாது.

சுபாங் ஜெயா மக்களுக்கு அம்மோனியா புதியதன்று. 1976ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கிய இந்நகர் முன்னர் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். ரப்பர்ப்பால் உறையாதிருக்க அதில் அம்மோனியா கலப்பது தோட்டத் தொழிலாளர் அறிந்த செய்தி. ரப்பர்ப்பாலோடு செம்பும் பித்தளையும் சேர்தல் ஆகாது என்பதும் தொழில் விதியே. செம்பு கலந்தால் ரப்பர் விரைவில் நைந்துவிடும். அம்மோனியா பித்தளைக்குப் பகை. பித்தளை ரப்பருக்குப் பகை.

2017ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுகளின் சுடும் போட்டிகள் சுபாங்கிலுள்ள தேசியச் சுடுதளத்தில் நடைபெற்றன. ஆயினும் மலேசியாவில் உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படிக் குற்றம். உரிமமின்றி அதனைச் செய்வதும் குற்றமே. ஆதலால் கூட்டில் மருந்து நிரப்புவது உரிமமுடையோர்க்கே உரிய தொழில். மற்றையோர் அறியவேண்டுவது அதன் உட்பொருள்: எதனைக் கொண்டு துலக்குகிறோம் என்பதோடு, துலக்கப்படும் பொருள் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் எண்ணவேண்டும். வகுப்பில் பழைய பித்தளைக் கிண்ணம் ஒன்றும் சிறிது புளியும் இருந்தால் ஆசிரியர் இதன் முதற்பாடத்தை விளக்கிவிடலாம். அச்சொல் தரும் இரு பொருளிலும்.