ஆர்சனிக்கைப் பிடிக்கும் நானோ வலை

ஆர்சனிக் கலந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் உள்ளங்கையும் பாதமும் தடித்துக் கரடுகட்டும், புற்றுநோயும் வரலாம்.

மேற்கு வங்கத்தின் அடிகுழாய் நீரில் கலந்திருக்கும் இந்த நஞ்சை அகற்ற, சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப்பின் குழு ‘அம்ரித்’ வடிகட்டியை உருவாக்கியது. அதில், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் நானோ அளவிலான இரும்புச் சேர்மத் துகள்கள் பொதிந்திருக்கும். நீர் ஊடுருவும்போது ஆர்சனிக் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

வடிகட்டி இருந்தாலும், எந்த ஊர் நீரை முதலில் சோதிப்பது? அதற்குக் கணினி கைகொடுக்கிறது.

மண், தட்பவெப்பத் தரவுகளைக் கணினியில் அலசி சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2020-இல் உலக ஆர்சனிக் அபாய வரைபடம் தந்தனர். அதன்படி ஆபத்தில் இருப்போர் 9.4 கோடி முதல் 22 கோடி வரை, பெரும்பாலோர் ஆசியர்கள்.