அட்டைப் பெட்டிக்குள் ஐயாயிரம் விமானங்கள்



விமான நிலைய வேலியோரம் கேமராவும் நோட்டுமாகக் காத்துக் கிடக்கும் ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. ஸ்பாட்டர்கள் என்று பெயர். பிரிட்டனில் அவர்களுடைய சங்கமான ஏர்-பிரிட்டன் 1948லேயே பிறந்துவிட்டது. 1950களில் லண்டன் ஹீத்ரோவில் குயின்ஸ் பில்டிங் வந்ததும் அதன் மொட்டைமாடியில் பள்ளிப் பையன்கள் பொழுதெல்லாம் நின்று பதிவெண்களைக் குறித்தார்கள். சம்பாதிக்கத் தொடங்கியதும் கலர் ஸ்லைடு வாங்கிப் படமாக எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் பையன்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. ஸ்லைடுகள் பரணில் இருக்கின்றன. அவர்களுக்குப் பிறகு அந்த ஸ்லைடுப் பெட்டிகள் எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

போனால் என்ன என்று கேட்பீர்கள். ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ, 'எம்பரர் அசோகா', பதிவெண் விடி-இபிடி. 1971ல் வந்தது. 1978 ஜனவரி 1 அன்று பம்பாயிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் அரபிக் கடலில் விழுந்தது. 213 பேரும் போனார்கள். ஏழு வருடம்கூட முழுசாகப் பறக்காத அந்த விமானத்தை இனி யாரும் படம் எடுக்க முடியாது; எடுத்ததுதான் கணக்கு. நம் ஊரில் எடுக்கலாமென்றால் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆம் விதி குறுக்கே நிற்கும். எழுத்து மூலம் அனுமதியில்லாமல் அரசு விமான நிலையத்தில் படம் எடுக்கக் கூடாது. ஆகவே நம்முடைய பழைய விமானங்களின் முகத்தைப் பார்க்க, பல சமயம் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் பரணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. விமானக் கம்பெனி எடுக்கும் விளம்பரப் படத்தில் புது பெயின்ட்தான் இருக்கும். உதிர்ந்த பெயின்ட்டையும் பக்கத்தில் நின்ற எண்ணெய் லாரியையும் ஸ்பாட்டர்தான் எடுத்து வைத்திருப்பார்.

ஃபிலிம் கெட்டுப்போகுமே என்பது எல்லோருக்கும் முதலில் வரும் பயம். அது பாதி உண்மை. இவர்கள் பெரிதும் நம்பிய கோடாக்ரோம் 1935ல் வந்த சரக்கு. இருட்டில் வைத்தால் அதன் நிறம் தலைமுறை தாண்டியும் நிற்கும். ப்ரொஜெக்டரில் அடிக்கடி போட்டுக் காட்டினால்தான் சீக்கிரம் வெளுக்கும். பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்த கஞ்சரின் ஸ்லைடு, ஊருக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தவரின் ஸ்லைடைவிடப் பளிச்சென்று இருப்பது இப்படித்தான். அதே காலத்து எக்டாக்ரோம் பலதும் இருட்டிலேயே செம்மை ஏறிப்போகும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஃபிலிமின் அசிடேட் அடித்தளமே சிதைகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பிவிசி உறைகளும் ஆகாது. பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை, குளிர்ந்த உலர்ந்த அறை, இது போதும்.

ஸ்கேன் செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்துத் தானே துடைக்கும் வசதி நல்ல ஸ்கேனர்களில் உண்டு. சாதா கலர் ஃபிலிமுக்கு அருமை. கோடாக்ரோம் அந்த ஒளியைச் சரியாகக் கடத்தாது. மெஷின் குழம்பி, விமானத்தின் விளிம்பையே கீறல் என்று நினைத்து மழுக்கிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு, ஊதியும் துடைத்தும் கையால்தான் பார்க்க வேண்டும். 4000 டிபிஐயில் எடுத்தால் ஒரு ஸ்லைடு 2 கோடிப் புள்ளிகளுக்கு மேல் வரும். சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 64 எம்பி. ஐயாயிரம் ஸ்லைடு இருந்தாலும் 320 ஜிபிக்குள் அடங்கும். இன்றைக்கு அது ஒரு பெரிய இடமே இல்லை. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலத்தைக் குப்பையில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையில் முதலில் அழிவது படம் இல்லை, படத்தைப் பற்றிய விவரம். பதிவெண் தெரிகிறதே, போதாதா? போதாது. ஒரு விமானம் கை மாறினால் பதிவெண் மாறலாம். பழைய பதிவெண் பிறகு வேறொரு விமானத்துக்கே போகலாம். தேதியும் இடமும் தெரிந்தால்தான் இது எந்த விமானம் என்று சாதிக்க முடியும். அந்தத் தேதி அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் பென்சில் கிறுக்கலாகவோ தனி நோட்டில் வரிசை எண்ணாகவோ இருக்கும். சில பேருக்கு மண்டையில் மட்டும் இருக்கும். பிள்ளைகள் ஸ்லைடை வைத்துக்கொண்டு நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டால், மிச்சம் இருப்பது அழகான படங்கள் மட்டும்.

சுவிட்சர்லாந்தில் இதைச் சரியாகச் செய்தார்கள். 1931ல் தொடங்கிய ஸ்விஸ்ஏர் 2001 அக்டோபரில் பணமில்லாமல் தரையிறங்கி, அடுத்த வருடம் மூடப்பட்டது. அதன் படங்கள் ஜூரிக்கில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. படம் இருக்கிறது, விவரம் இல்லை. நூலகம் 2009ல் ஸ்விஸ்ஏரின் ஓய்வுபெற்ற ஊழியர்களைத் தேடிப் பிடித்தது. கம்பெனியில் காலம் கழித்தவர்கள் ஒவ்வொரு படமாகப் பார்த்து, இது இன்ன விமானம், இன்ன ஊர், இவர் இன்னார் என்று எழுதிக் கொடுத்தார்கள். பின்னாளில் நூலகம் தன் மற்றப் படங்களையும் பொதுமக்கள் முன் வைத்தது. 2015லிருந்து ஏராளமான படங்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நூலகர்களுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் காரியத்தை முடித்தது பென்ஷன்காரர்கள். பத்து வருடம் தாமதித்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்?

இன்னொரு சிக்கல் சட்டம். ஸ்லைடு கையில் இருப்பதால் பதிப்புரிமையும் வந்துவிடாது. பிரிட்டனில் எடுத்தவர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு அது வாரிசுகளிடம் இருக்கும். ஸ்பாட்டர்கள் தங்களுக்குள் ஸ்லைடு மாற்றிக்கொள்வது சகஜம் என்பதால், ஒரே பெட்டியில் பல பேர் எடுத்த படம் கலந்து கிடக்கும். வாங்கிக்கொள்ள முன்வரும் அருங்காட்சியகம்கூட வெளியிடத் தயங்குவது இதனால்தான். எது தன்னுடையது, எது மாற்றி வாங்கியது, யாருக்கு என்ன உரிமை என்பதை உயிலோடு ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும்.

உங்களுக்குத் தெரிந்த பெரியவர் யாரிடமாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால் ஸ்கேனர் வாங்கப் புறப்படாதீர்கள். அது அடுத்த வருடமும் கடையில் கிடைக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வரிசை எண்ணை மட்டும் முதலில் உரக்கச் சொல்லிவிடுங்கள்.