பட்டியலில் இல்லாத பெயர்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிப்பதற்கான உதவித்தொகை விண்ணப்பங்களின் கெடு நெருங்கும் பருவத்திலெல்லாம், தாணே, கல்வா, டோம்பிவிலி, செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று நம்மவர் குடியிருக்கும் இடங்களிலிருந்து வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குழப்பத்தைத்தான் வெவ்வேறு சொற்களில் தெரிவிக்கின்றன: மகாராஷ்டிரத்திலேயே பிறந்து, மராத்தியில் சரளமாகப் பேசி, டொமிசைல் சான்றையும் கையில் வைத்திருக்கிற பிள்ளைக்கு, சர்க்கார் செலவில் கடல் கடந்து படிக்க வழி உண்டா, இல்லையா என்பதே அது. சேது கேந்திரத்தில் ஒரு விதமாகவும், கல்லூரி அலுவலகத்தில் வேறு விதமாகவும், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவரிடம் இன்னொரு விதமாகவும் பதில் கேட்டு அலுத்துப்போனவர்களின் கடிதங்கள் அவை.

வேறொரு வகைக் கடிதங்களும் உண்டு. ஒரு பருவம் மட்டும் அயல்நாட்டில் படித்துத் திரும்பினால் அங்கே பெற்ற கிரெடிட் இங்கே செல்லுமா என்று கேட்பவை அவை. அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு தோற்றுவித்த கிரெடிட் வங்கியைப் பற்றி மேடைகளில் பேசப்படுவதைக் கேட்கிறவர்களுக்கு, மாணவன் உலகத்தில் எந்த மூலையில் படித்தாலும் அது தானே வந்து அவன் கணக்கில் சேர்ந்துவிடும் என்ற எண்ணம் உண்டாவது இயல்பே. ஆனால் அந்த வங்கியில் வரவு வைக்கும் அதிகாரம் அதில் பதிவு செய்துகொண்ட நம் நாட்டுக் கல்வி நிலையங்களுக்கே உரியது; அப்படி வைத்த வரவுக்கும் அதிகபட்சம் 7 ஆண்டுகளே ஆயுள். அயல்நாட்டுக் கிரெடிட்டுக்கு 2022 மே மாதத்து விதிகள் தனியே இருக்கின்றன. பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழகம் வழங்கும் இரட்டையிணைப்புத் திட்டமாயின் 30 சதவீதம் வரை வெளியே படிக்கலாம். இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வழங்கும் பட்டமாயின் ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 சதவீதமாவது படித்தாக வேண்டும். எதுவாயினும் இரு பல்கலைக்கழகங்களுக்குமிடையே முன்கூட்டியே உடன்படிக்கை இருந்தாக வேண்டும். தானாகப் போய்ப் படித்துவிட்டு மதிப்பெண் பட்டியலோடு திரும்பி வருகிற மாணவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. ஐரோப்பாவில் ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் என்றும், நம் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 40 என்றும் கணக்கு இருப்பதால், அங்கே வாங்கிய முப்பது இங்கே ஏறக்குறைய இருபதாகச் சுருங்குவதைக் கண்டு யாரும் திகைக்க வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் என் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்றே. கிரெடிட்டைக் கடல் கடந்து சம்பாதிக்க அனுமதி கொடுத்த சர்க்கார், அதற்கான பணத்தைக் கொடுக்கவில்லை. மத்திய சர்க்காரின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையாயினும், மகாராஷ்டிர சர்க்காரின் ராஜர்ஷி சாஹு மகாராஜ் உதவித்தொகையாயினும், முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் முழுமையாக அங்கே சென்று படிக்கிறவர்களுக்கே உரியவை. ஆகவே ஒரு பருவம் சென்றுவரும் வாய்ப்பு நடைமுறையில் தகப்பனார் கையில் பணமிருக்கிற பிள்ளைக்கே வாய்க்கிறது.

இனி முதல் வகைக் கடிதங்களுக்கு வருகிறேன். இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது.

தாராவித் தமிழரில் பெரும் பகுதியினர், தோல் பதனிடும் தொழிலை நம்பிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையைவிட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுள் ஆதிதிராவிடக் குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட குடும்பத்தின் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறைப் பிள்ளை, நல்ல மதிப்பெண் பெற்று, உலகத் தரவரிசையில் முதல் இருநூறுக்குள் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் பெற்றுவிட்டு, 2003-ஆம் ஆண்டு முதல் மகாராஷ்டிர சமூகநீதித் துறை நடத்திவருகிறதும் ஆண்டுக்கு 75 பேருக்குக் கிடைப்பதுமான ராஜர்ஷி சாஹு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போனால், அங்கே கேட்கப்படுகிற முதல் கேள்வி படிப்பைப் பற்றியதன்று. 1950 ஆகஸ்டு 10-ஆம் தேதி உன் பாட்டனார் எங்கே இருந்தார் என்பதே.

அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. அரசியல் சாசனத்தின் 341-ஆவது ஷரத்தின்படி, தாழ்த்தப்பட்ட சாதிகளின் பட்டியலை ஜனாதிபதி முதன்முதலாகப் பிரகடனம் செய்த நாள் அது. பட்டியல் நாடு முழுமைக்கும் ஒன்றாக அமையவில்லை. மாநிலம் மாநிலமாக அமைந்தது. எனவே ஒருவன் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவன் என்று கணக்கிட ஒரு தேதி வேண்டியிருந்தது. பட்டியல் பிறந்த நாளையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்திலே இதே முறையில் பழங்குடியினருக்கு 1950 செப்டம்பர் 6, நாடோடி மற்றும் விமுக்த ஜாதியினருக்கு 1961 நவம்பர் 21, இதர பிற்பட்ட வகுப்பினருக்கு 1967 அக்டோபர் 13 என்று தேதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. குடும்பம் இவற்றுக்கு முன்னமே இங்கு குடியிருந்தது என்று தஸ்தாவேஜு காட்டினாலொழிய இந்த மாநிலத்தின் சலுகை இல்லை.

தஸ்தாவேஜுக்கு எங்கே போவது? தாராவிக் குடும்பங்களில் ஆண்கள் இங்கே உழைக்க, பெண்கள் பிரசவத்துக்கு ஊருக்குப் போவதே நெடுநாள் வழக்கமாயிருந்தபடியால், பிறப்புப் பதிவு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் கிடக்கிறது. தோல் கிடங்கு முதலாளி எந்தச் சம்பளப் பட்டியலையும் பாதுகாத்து வைக்கவில்லை. வீடோ பட்டா இல்லாத வீடு. 1976-இல் குடிசைக் கணக்கெடுப்பின்போது கொடுத்த போட்டோ பாஸை இன்றும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததைக் காட்டும் ரசீதுகளும் பத்திரமாக இருக்கின்றன, ஏனெனில் மாற்று வீட்டுக்கு அந்தத் தேதியைக் கேட்டார்கள். ஒரே சர்க்கார் வீட்டுக்கு ஒரு தேதியும் படிப்புக்கு வேறொரு தேதியும் கேட்கிறது. முதல் தேதிக்காகக் காகிதம் சேர்த்த ஏழை, அரை நூற்றாண்டு முற்பட்ட மற்றொரு தேதிக்கும் சேர்த்து வைத்திருக்க வேண்டுமென்று எப்படி அறிந்திருப்பான்?

எனினும், பாட்டனாரின் பள்ளிச் சான்றைத் தேடி ஊருக்கும் பம்பாய்க்குமாக அலைகிற வாசகர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் 59 சாதிகள் இருக்கின்றன. மகார், மாங், சாம்பார், தோர் எல்லாம் அதில் உண்டு. தெலுங்கு தேசத்து மாலாவின் உட்பிரிவுகள் பல உண்டு. ஆதிதிராவிடர், பறையர், பள்ளர் என்ற பெயர்கள் இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தின் பட்டியலில் ஆதிதிராவிடர் உண்டு. தமிழ்நாட்டின் 76 சாதிகளில் முதன்மையாக உண்டு. தாராவி இருக்கிற மாநிலத்தில் இல்லை. அதாவது, பாட்டனார் 1940-லேயே தாராவிக்கு வந்துவிட்டார் என்பதற்கு மறுக்க முடியாத அத்தாட்சி கிடைத்தாலும், இந்தக் குடும்பத்துக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. தேதி என்கிற பூட்டைத் திறக்கச் சாவி தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு, அதற்கு உள்ளே பெயர் என்கிற இரண்டாவது பூட்டு இருப்பதை யாரும் சொல்வதில்லை. விண்ணப்பத்தை வாங்குகிற குமாஸ்தாவுக்கு அது தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் பதில், 1950-க்கு முற்பட்ட ஆதாரம் கொண்டு வா என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ஆதாரத்தைத் தேடுவதிலே ஒரு கல்வியாண்டே கழிந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் கூறாமல் விட்டுவிடவில்லை உச்ச நீதிமன்றம். 1990-இல் தீர்ப்பான மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு இந்நகரத்தில் பிறந்ததே: ஆந்திரத்துப் பழங்குடியினரான தந்தை மத்திய சர்க்காரின் உர நிறுவனத்தில் வேலை பார்த்துப் பம்பாய்க்கு வந்தவர், இங்கேயே வளர்ந்த மகன் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கோரினார். ஒரு சாதி படும் இன்னல் அந்தந்த இடத்துச் சமூக நிலையைப் பொறுத்தது, ஓரிடத்தில் தாழ்த்தப்பட்டவன் இன்னோரிடத்திலும் அதே அளவு தாழ்த்தப்பட்டவன் என்று கொள்ள முடியாது, வந்தவருக்குக் கொடுத்தால் உள்ளூர் எளியவரின் பங்கு குறையும் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. 1994-இல் மகாராஷ்டிரத்துச் சாதிச் சான்றிதழ்களைப் பற்றியே எழுந்த வழக்கிலும், 2018-இல் டில்லி குடிநீர் வாரிய வழக்கிலும் அதுவே உறுதியாயிற்று. உள்ளூர் எளியவரின் பங்கைக் காக்க வேண்டும் என்ற வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. 75 இடங்களுக்கு மகாராஷ்டிரத்து தலித் மாணவர்கள் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்னல் இடத்தைப் பொறுத்தது என்ற தத்துவம், தமிழ்நாட்டுக் கிராமத்தின் சேரியிலிருந்து புறப்பட்டு வந்து, பிற சாதியார் தொடக் கூசிய தோல் வேலையையே இங்கும் ஏற்று, நகரத்தார் ஒதுக்கிய சதுப்பு நிலத்திலேயே குடிசை போட்டவர்களைப் பொறுத்தவரை உண்மையாகுமா? அந்த இன்னல் அவர்களோடு ரயிலேறி வந்தது என்பதற்குத் தாராவியே சாட்சி.

ராஜர்ஷி சாஹு உதவித்தொகைக்குப் பெயர் தந்தவரின் காலத்தில் இந்த வினா எழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மத்திய இந்தியாவின் மஹூவில் பிறந்து, ரத்னகிரி ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்டு, பம்பாயில் படித்த அம்பேத்கரை, 1913-இல் மாதம் பதினொன்றரை பவுன் கொடுத்துக் கொலம்பியாவுக்கு அனுப்பியது பரோடா சமஸ்தானம். திரும்பி வந்து பத்தாண்டு அங்கே பணிபுரிய வேண்டும் என்பதே நிபந்தனை. 1920-இல் அவர் மறுபடியும் லண்டன் சென்றபோது பொருளுதவி செய்தவர்களுள் கோலாப்பூர் மகாராஜா சாஹுவும் ஒருவர். அம்பேத்கர் பரோடாவின் பிரஜையுமல்லர், கோலாப்பூரின் பிரஜையுமல்லர்.

பட்டியலை மாற்றும் அதிகாரம் மாநில சர்க்காருக்கு இல்லை. மாநிலம் சிபாரிசு செய்து, இந்தியப் பதிவாளர் நாயகமும் தேசிய ஆணையமும் ஒப்புக்கொண்டு, பாராளுமன்றம் சட்டம் செய்தாக வேண்டும். அது இந்த ஆண்டு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு உதவாது. அவனுக்கு உதவக்கூடிய வழி மத்திய சர்க்காரின் உதவித்தொகைதான். 1954-55-இல் தொடங்கிய அதன் 125 இடங்களில் 115 தாழ்த்தப்பட்டோருக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம், பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் ஐந்நூறுக்குள். அங்கே கேட்பது சாதி பூர்வீக மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதையே. வெளிமாநிலத்திலிருந்து குடியேறியவர்களுக்கென்று தனிப் படிவத்தில் ஒரு சான்றிதழ் உண்டு. அதில், இன்ன மாநிலத்து இன்ன ஜில்லாவின் இன்ன கிராமத்தைச் சேர்ந்த தந்தைக்கு, இன்ன அதிகாரி இன்ன தேதியில் கொடுத்த சான்றிதழை ஆதாரமாகக் கொண்டு இது வழங்கப்படுகிறது என்ற வாசகம் இருக்கும். அந்த வாசகம் இல்லாத சான்றிதழ் செல்லாது. ஆகவே தந்தையின் சான்றிதழே வேர். அது இல்லாதவர்கள் ஊர்த் தாலுகாவின் தாசில்தாரிடமிருந்து அதை முதலில் வாங்க வேண்டும்.

இந்த வழியும் பெருவழியன்று. 2022-இல் புகுத்தப்பட்ட விதியொன்று, இந்தியப் பண்பாடு, சரித்திரம், இந்திய சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்கிறது; தாராவியில் வளர்ந்தவன் தாராவியைப் பற்றி அயல்நாட்டில் ஆராய விரும்பினால் அவனுக்கு இதில் இடமில்லை. 2025-இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்து என்று சொன்னது அமைச்சகம். ஆகவே கடிதம் கைக்கு வருமுன் விமானச் சீட்டு வாங்காதிருப்பது நல்லது.

மிஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில்.

தமிழ்நாட்டு சர்க்காரின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை? ஆண்டுக்கு 36 லட்சம் வரை உண்டு; ஆனால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று நிரூபிக்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பமானால்? 1950 ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே.

பி.எம். வித்யாலட்சுமி கடன்? உள்நாட்டுக் கல்லூரிகளுக்கு மாத்திரம்.

பிற்பட்டோருக்கும் சிறுபான்மையோருக்கும் வெளிநாட்டுக் கல்விக் கடனில் வட்டி மானியம்? இரண்டும் 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டன.

ஈடில்லாமல் வங்கிக் கடன்? பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை.

கடன் பணத்தை அயல்நாட்டுக்கு அனுப்பினால் வரிப் பிடித்தம்? 2025 ஏப்ரல் முதல் இல்லை.

தந்தையின் சான்றிதழ் பழையதாயிருந்தால்? அதிகாரியின் முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கும்வரை செல்லும். மங்கியிருந்தால் ஊருக்கு இப்போதே எழுதுங்கள்.