மாதந்தோறும் ஒரு சிறு காணிக்கை: ஏன் கேட்கிறோம்?



நம் மருத்துவமனைக்கு உதவ முன்வரும் பலர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "பெயர் பொறிக்கிற மாதிரி ஏதாவது வாங்கித் தரலாமா?" என்பதே. மறைந்த தாய் தந்தையரின் நினைவாக ஒரு கட்டிலோ, கருவியோ, ஓர் அறையோ கொடுக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் இந்த இதழில் வேறொரு வகைக் கொடையைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். மாதந்தோறும் தவறாமல் வருகிற, இன்னதற்கு மட்டும் என்று குறிக்கப்படாத சிறு தொகையே அது. ஒரு மிஷன் மருத்துவமனைக்கு அது ஏன் உயிர்நாடியாக இருக்கிறது என்பதை விளக்க முயல்கிறோம்.

இயந்திரம் வந்த பிறகு

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸ் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தார் அதற்கான இயந்திரத்தை வாங்கித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை ஒரு முறை வாங்கினால் போதும். நோயாளியோ வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் சிகிச்சை பெற வேண்டும். ஒரு முறைக்கே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் தேவை. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயலைசர், குழாய்கள், ஊசிகள், இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் மருந்து ஆகியவை வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். அருகில் நின்று கவனிக்கும் டெக்னீஷியனுக்கும் செவிலியருக்கும் மாதச் சம்பளம் வேண்டும்.

இவற்றில் எதன்மேலும் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது. ஆனால் இவை இல்லையென்றால் இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கும். வாரம் மூன்று முறை வரவேண்டிய கூலித் தொழிலாளி, கையில் காசில்லாமல் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வார். உடலில் நீர் கோத்து, மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் அவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில வேளைகளில் அதற்குள் காலம் கடந்துவிடும்.

அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்கு முதலில் அதையே பயன்படுத்துகிறோம். அட்டை இல்லாதவர்கள், காப்பீட்டில் அடங்காத மருந்து, வீட்டுக்குத் திரும்பப் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கே ஏழை நோயாளிகள் நிதியிலிருந்து செலவிடுகிறோம். அந்த நிதியில் பணம் இருக்கும் நாளில்தான், "முன்பணம் கட்டினாயா?" என்று கேட்காமல் ஒருவரைச் சேர்க்க முடிகிறது.

பெருங்கொடையும் சிறுகொடையும்

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. வேலூர் வரலாறே இதற்குச் சான்று. 1900-ஆம் ஆண்டு மருத்துவராக இந்தியா திரும்பிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைப் பெற்றுவந்தார். அக்கொடையால் எழுந்ததே 1902-இல் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை. பெயர் பொறித்த அந்த ஒரு கொடை பல்லாயிரம் பெண்களுக்குப் புகலிடமாயிற்று.

ஆனால் 1918-இல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது தேவைகள் பெருகின. 1920-களின் தொடக்கத்தில், வேலூர் உட்பட ஆசியாவின் ஏழு கிறிஸ்தவ மகளிர் கல்லூரிகளுக்காக அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் லூசி பீபாடி அம்மையாரின் தலைமையில் நிதி திரட்டினார்கள். ராக்பெல்லர் குடும்பத்தின் அறநிதி 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. ஆனால் பெண்கள் முதலில் 20 லட்சம் டாலர் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 1922 டிசம்பரில் 'டாலர் நாள்' என்று ஒரு நாளைக் குறித்து, ஆளுக்கு ஒரு டாலர் கேட்டார்கள். இலக்கு எட்டப்பட்டது. செல்வந்தரின் பெருந்தொகை, எளியவர்களின் ஒற்றை டாலர்களுக்காகக் காத்திருந்தது!

கைப்பிடி அரிசியின் இரகசியம்

நம் ஊர்த் தாய்மாருக்கு இது புதிதல்ல. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்துவைத்து, அதை ஆலயத்திற்குக் கொண்டுவரும் வழக்கத்தை அவர்கள் அறிவார்கள். மிசோரம் மாநிலத்துப் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1910-இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை, நூறாண்டைக் கடந்து அங்குள்ள நற்செய்திப் பணியைத் தாங்கி வந்துள்ளது.

இது நிலைப்பதற்குக் காரணம் என்ன? முதலாவது, சமைத்து மீந்ததிலிருந்து எடுப்பதில்லை. சமைக்கும் முன்பே எடுத்துவைக்கிறார்கள். இரண்டாவது, ஒரு பிடி குறைவதால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடப்பதில்லை. மூன்றாவது, ஏழையும் கொடுப்பவர் ஆகிறார். வாங்குபவராக மட்டும் நிற்பதில்லை.

புனித பவுலும் இதையே செய்தார். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் உதவி கேட்டபோது, தாம் வந்த பிறகு அவசரமாக வசூலிக்க வேண்டாம். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப எடுத்துவைக்கட்டும் என்று அறிவுறுத்தினார்.

இப்போது ஏன் இந்த அவசியம்?

முன்பு வெளிநாட்டு உதவியைப் பெரிய அமைப்புகள் பெற்று, சிறிய மருத்துவமனைகளுக்குப் பகிர்ந்தளித்தன. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தம் அவ்வாறு பகிர்வதைத் தடை செய்தது. அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே கிராமப்புற மிஷன் மருத்துவமனைகள் உள்ளூர் இறைமக்களின் கரங்களை முன்னைவிட அதிகமாக எதிர்நோக்கியுள்ளன.

உங்கள் பங்கில் என்ன செய்யலாம்?

வீட்டில் ஓர் உண்டியல் வைத்து, சம்பளம் வந்த அன்றே உங்களால் இயன்றதை அதில் போடுங்கள். அன்பியக் கூட்டத்தில் மாதம் ஒரு முறை அவற்றைச் சேர்க்கலாம். எப்போதும் இருவர் சேர்ந்தே எண்ணி, தொகையை நோட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். தவக்காலத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்ப்பவர்கள், அதன் விலையை நோயாளிகளுக்கு ஒதுக்கலாம். பிறந்தநாள், திருமண நாள், முன்னோர் நினைவு நாள்களில் ஒருவருடைய ஒரு நாள் சிகிச்சைச் செலவை ஏற்கலாம்.

எங்கள் கடமை

பவுல் அடிகள் அந்தக் காணிக்கையைத் தாம் தனியே எடுத்துச் செல்ல விரும்பவில்லை. சபையார் தேர்ந்தெடுத்தவர்களின் கையில் கொடுத்தனுப்ப விரும்பினார். கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. சிறு தொகையானாலும் இரசீது தருவோம். ஒரு காரியத்துக்கென்று நீங்கள் குறித்துத் தந்ததை வேறு காரியத்திற்குத் திருப்ப மாட்டோம். தணிக்கை செய்த கணக்கை எவரும் வந்து பார்க்கலாம். இரக்கத்தைத் தூண்டுவதற்காக நோயாளிகளின் முகங்களைப் படமெடுத்து வெளியிட மாட்டோம். அவர்களும் மானமுள்ள மனிதர்கள், இறைவனின் சாயல்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் பிள்ளைகளின் படிப்புச் செலவோ, நோயோ, கடனோ நெருக்கும் மாதத்தில் உண்டியல் காலியாக இருந்தால் சிறிதும் கூச்சப்பட வேண்டாம். பிறருடைய சுமையைக் குறைக்க உங்கள் சுமையைக் கூட்டுவது எங்கள் நோக்கமல்ல. அந்த மாதம் எங்களுக்காகச் செபியுங்கள். உங்கள் வீட்டு நோயாளியை எங்களிடம் அழைத்து வாருங்கள். இந்த நிதி அவருக்கும் உரியதே.

ஆலயக் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து, செல்வர்களின் பெருந்தொகைகளுக்கு நடுவே ஓர் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைக் கவனித்தவர் நம் ஆண்டவர். அவர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!