மூன்று வயதுகள்

பெற்றோர் இருவர் ஓரிடத்தில் சந்தித்தால், அவர்கள் பேச்சு விரைவிலே பிள்ளைகளைப் பற்றியதாகிவிடும். கம்பைநல்லூர்ச் சந்தையில் காய்கறி வாங்கும்போதும், பள்ளி வாயிலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும்போதும் இதனைக் காணலாம். "ஏம்மா, உங்கள் பெண்ணுக்கு என்ன வயது ஆகிறது?" என்பது முதல் கேள்வி. "எந்த வகுப்பில் இருக்கிறாள்?" என்பது அடுத்த கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தபின் மூன்றாவதாக ஒரு கேள்வி எழும். அது வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. 'யார் பிள்ளை முந்தியது?' என்று நெஞ்சுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

படிப்பில் மட்டுமன்றி விளையாட்டிலும் இக்கணக்கு நடைபெறுகின்றது. அதிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் என வழங்கும் சீருடற்பயிற்சியில் இது மிகுதி. பெண்களுக்கு அப்பயிற்சியில் நான்கு பிரிவுகள் உண்டு. ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாவுதல் ஒன்று. உயரம் வேறுபட்ட இரட்டைக் கம்பிகளில் சுழலுதல் மற்றொன்று. பத்துச் சென்டிமீட்டர் அகலமே உடைய கட்டைமேல் நின்று குதித்தல் மூன்றாவது. தரைமேல் இசைக்கேற்ப ஆடியும் கரணமடித்தும் காட்டுதல் நான்காவது. ஆண்களுக்கு ஆறு பிரிவுகள். கழைக்கூத்தைத் தெருவில் நின்று வியந்து பார்த்தவர்களுக்கும், விழுப்புரத்துப் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் ஏறிச் சுழல்வதைக் கண்டவர்களுக்கும் இக்கலை முற்றிலும் புதிதன்று.

இக்கலையைக் கற்பிக்கும் நாடுகள் பலவற்றில் அதனை ஏணிப்படிகளைப் போல் வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முதற்படியிலிருந்து பத்தாம்படி வரை உண்டு. கீழ்ப்படியின் திறன்கள் கைவந்தாலன்றி மேற்படிக்குப் போக இயலாது. நம் பள்ளிப் போட்டிகளிலோ பதினான்கு, பதினேழு, பத்தொன்பது என்று வயதைக்கொண்டே பிரிக்கின்றனர். குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பிய ஒவ்வொரு பெற்றோரும் இதை அறிவர். படி ஒருபுறம், வயது ஒருபுறம் இருப்பதால் ஒப்பிடுதல் மிக எளிதாகிவிடுகிறது. 'அவள் எட்டு வயதில் நான்காம்படி. என் மகள் பத்து வயதில் மூன்றாம்படி' என்று தாயின் உள்ளம் வாடுகிறது. அவ்வாட்டம் குழந்தையிடம் கடுஞ்சொல்லாக வெளிப்படுகிறது.

இந்த ஒப்பீடு சரியானதுதானா என்று காண வேண்டுமானால், வயது என்பது யாது என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு குழந்தைக்கு வயது ஒன்றன்று, மூன்று. பிறந்த நாளைக்கொண்டு எண்ணும் வயது ஒன்று. உடல் வளர்ச்சியைக்கொண்டு எண்ணும் வயது இரண்டாவது. பயிற்சி தொடங்கிய நாளைக்கொண்டு எண்ணும் வயது மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே காண்போம்.

பிறந்த வயதுதான் மூன்றனுள் மிகத் தெளிவானது என்று நாம் நினைக்கிறோம். ஆயினும் பிறப்புச் சான்றிதழ் எங்கும் பரவாத காலத்தில், நம் சிற்றூர்ப் பள்ளிகளில் குழந்தையைச் சேர்த்த முறையை முதியோர் நினைவுகூர்வர். வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பியது என்று பொருள். ஆசிரியர் தமக்குத் தோன்றிய ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். அந்தத் தேதியையே வாழ்நாள் முழுதும் சுமந்தவர்கள் பலர்.

தேதி சரியாகவே இருந்தாலும் அதில் ஒரு மறைவு உண்டு. அனைத்துலகச் சீருடற்பயிற்சிக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளும் பெண்ணுக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் பதினாறு வயது நிரம்ப வேண்டும். ஆகவே டிசம்பர் 31-ஆம் நாள் பிறந்தவள் தகுதி பெறுவாள். மறுநாள் பிறந்தவள் தகுதி பெறமாட்டாள். எல்லை எங்கேனும் ஓரிடத்தில் இருந்துதான் ஆக வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் ஒரே வயதுப் பிரிவில் நிற்கும் இருவரிடையே ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. எட்டு வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. கனடா நாட்டுப் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை 1980-களில் ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே சிறந்த குழுக்களில் மிகுந்திருப்பதைக் கண்டனர். அவர்கள் தம் பிரிவில் மூத்தவர்கள், உடல் சற்றே பெரிது, ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பிறவித் திறமை மாதம் பார்த்து அமைவதில்லை அன்றோ?

இரண்டாவது வயது உடலின் வயது. காதைத் தொடச்சொன்ன பழைய முறையை அறியாமை என்று எள்ளுதல் வேண்டா. குழந்தைக்குத் தலை முதலில் வளர்கிறது. கைகால்கள் பின்னர் நீள்கின்றன. ஆதலின் அம்முறை அளந்தது உடல் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதையே. இன்றைய மருத்துவர் இதே கேள்விக்கு விடை காண, இடக்கையின் எலும்புகளை எக்ஸ்ரே படமெடுத்துப் பார்க்கிறார். மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் எந்த அளவு உருவாகியுள்ளன, நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள குருத்தெலும்பு எவ்வளவு மூடியிருக்கிறது என்பவற்றைக்கொண்டு எலும்பின் வயதைக் கணிக்கிறார். பன்னிரண்டு வயதுடைய இரு சிறுமியருள் ஒருத்தியின் எலும்புக்குப் பத்து வயதும், மற்றவளின் எலும்புக்குப் பதினான்கு வயதும் இருக்கக்கூடும். இருவரும் உடல்நலம் உடையவர்களே.

இதனால் விளையும் வேறுபாடு விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். விரைந்து முதிர்ந்த சிறுவன் பதின்மூன்று வயதில் குண்டு எறிதலிலும் ஓட்டத்திலும் முதல்வனாக நிற்பான். நான்காண்டு கழித்து மற்றவர்கள் அவனை எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஜிம்னாஸ்டிக்ஸிலோ பெண்களைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். சிறிய, எடை குறைந்த உடல் எளிதில் சுழலும். ஆகவே தாமதமாக முதிரும் சிறுமி முந்துவாள். பயிற்சியினால் குழந்தையின் உயரம் குன்றிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்துக்குத் தக்க சான்று இல்லை. குட்டையான குழந்தைகளே இக்கலையில் நிலைத்து நிற்கிறார்கள் என்பதே பெரும்பான்மையான விளக்கம்.

பெண்களுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண்களுக்குப் பதினான்கை ஒட்டியும் உயரம் மிக விரைந்து பெருகும். அப்போது நேற்றுவரை எளிதாகச் செய்த கரணம் இன்று தவறும். கால் நீண்டுவிட்டது, உடலின் எடை வேறு விதமாகப் பகிர்ந்திருக்கிறது, மூளை தன் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. இதனைச் சோம்பல் என்றும் கவனக்குறைவு என்றும் பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். மேற்படிக்கு விரைந்து தள்ளுகின்றனர். வளரும் எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்போ அக்காலத்தில் மிக மென்மையானது. கையூன்றி உடல் எடை முழுவதையும் மணிக்கட்டில் தாங்கும் பயிற்சி அளவு கடந்தால், அவ்விடம் புண்பட்டு நோகும். அயலார் மகளை முந்தவேண்டும் என்ற அவசரத்துக்கு விலை கொடுப்பது குழந்தையின் எலும்பு.

மூன்றாவது வயது பயிற்சியின் வயது. திரிபுரா மாநிலத்து அகர்தலாவில் 1993-இல் பிறந்த தீபா கர்மாகர் ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்கினார். அவருடைய பாதங்கள் தட்டையானவை. ஓடித் தாவுவோருக்கு அது பெருங்குறை என்று கருதப்பட்டது. ஆசிரியர் விசுவேசுவர நந்தியின் துணையோடு அக்குறையைப் பொறுமையாகச் சீர்செய்தார். 2014-இல் கிளாஸ்கோவில் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் பெற்றபோது அவருக்குப் பயிற்சி வயது பதினான்கு. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் தாவும் பிரிவின் இறுதிச் சுற்றில் 15.066 புள்ளி எடுத்து நான்காம் இடம் பெற்றார்; வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 புள்ளிதான். ஒலிம்பிக்கில் இப்பயிற்சியில் பங்குகொண்ட முதல் இந்தியப் பெண்மணி அவரே. முழங்காலில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு மீண்டு, 2024-இல் தாஷ்கண்டில் ஆசியப் பொற்பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. அவ்வாண்டிலேயே போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஐந்து வயதில் சேர்ந்தவளையும் ஒன்பது வயதில் சேர்ந்தவளையும், இன்று இருவருக்கும் பத்து வயது என்பதற்காக ஒரே தராசில் நிறுத்தல் முறையாகுமா? ஒருத்திக்குப் பயிற்சி வயது ஐந்து, மற்றவளுக்கு ஒன்று.

வயதை ஒன்றே அளவுகோலாகக் கொண்டதன் கேடு உலக அரங்கிலும் வெளிப்பட்டது. ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 1976-இல் மாண்ட்ரியலில் முழுமையான பத்துப் புள்ளி பெற்றபோது அவருக்குப் பதினான்கு வயது. அதன்பின் சிறுமியரைக் களத்தில் இறக்கும் ஆவல் பெருகிற்று. கூட்டமைப்பு குறைந்த அளவு வயதை 1981-இல் பதினைந்தாகவும், 1997-இல் பதினாறாகவும் உயர்த்தியது. உயர்த்தியதும் வயதை மாற்றி எழுதும் தீமை எட்டிப்பார்த்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் சீனக் குழு பெற்ற வெண்கலம், பத்தாண்டுகள் கழித்து 2010-இல் பறிக்கப்பட்டது. குழுவிலிருந்த ஒரு பெண்ணுக்கு அப்போது பதினான்கு வயதே என்பது வெளிப்பட்டதே காரணம். உடன் ஆடிய தோழியரும் அப்பதக்கத்தை இழந்தனர்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்கும் பழமொழி நமக்குண்டு. இளமையில் உடல் வளையும் என்பது மெய்யே. ஆயினும் முந்தி வளைந்ததுதான் நெடுநாள் நிற்கும் என்று அப்பழமொழி சொல்லவில்லை. ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி உலகப் போரினால் தம் இளமைக்காலப் போட்டிகளை இழந்தவர். 1952-இல் முப்பத்தொரு வயதில் முதன்முதல் ஒலிம்பிக் களம் புகுந்தார். 1956-இல் மெல்போர்னில் முப்பத்தைந்து வயதில் நான்கு பொற்பதக்கம் வென்றார். உஸ்பெக்கிஸ்தானில் பிறந்த ஒக்சானா சுசோவிட்டினா 1992 முதல் எட்டு ஒலிம்பிக் விளையாட்டுகளில் பங்குகொண்டார்; முப்பத்து மூன்று வயதில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்; 2021-இல் டோக்கியோவில் தாவியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 2024-இல் பாரிசில் அனைத்துப் பிரிவிலும் சேர்த்து முதலிடம் பெற்றபோது இருபத்தேழு வயதினர்.

அவ்வாறாயின் பெற்றோர் எதைத்தான் கேட்பது? அயலாரைக் கேட்பதை விட்டுத் தம் குழந்தையையும் பயிற்றுநரையும் கேட்கலாம். மணிக்கட்டோ முழங்காலோ இடுப்போ நோகிறதா? இரவில் நன்றாக உறங்குகிறாளா? வயிறார உண்கிறாளா? நாளைப் பயிற்சிக்குப் போக அவளே விரும்புகிறாளா? சென்ற மாதம் தடுமாறிச் செய்தது இம்மாதம் நிலைபெற்றிருக்கிறதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தையைச் சுவரோடு நிற்கவைத்துத் தலைக்குமேல் ஒரு கோடிடுங்கள். கோடுகளுக்கிடையே தூரம் திடீரெனக் கூடினால், அவள் விரைந்து வளரும் பருவம் வந்துவிட்டது என்று உணர்ந்து, கடும் பயிற்சியைச் சில காலம் குறைக்குமாறு பயிற்றுநரிடம் சொல்லுங்கள். நோவு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இவையனைத்தும் பொருட்செலவின்றிப் பெரும்பாலான வீடுகளில் செய்யத்தக்கவை.

தருமபுரி மாவட்டத்து உழவர்க்கு இதனை நெடிது விளக்க வேண்டியதில்லை. கேழ்வரகு நான்கு மாதத்தில் கதிர் முற்றும். அதே நிலத்து வரப்பில் நட்ட புளியங்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். இரண்டுக்கும் பெய்யும் மழை ஒன்றே. கேழ்வரகு அறுவடையான நாளில், 'நீ இன்னும் காய்க்கவில்லையே' என்று எந்த உழவரும் புளியங்கன்றைப் பிடுங்கி எறிவதில்லை. பயிருக்குக் காட்டும் இப்பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுவோமாக. அடுத்த முறை ஒருவர் உங்கள் மகளின் வயதைக் கேட்டால், 'எந்த வயதைக் கேட்கிறீர்கள்?' என்று நகைமுகத்தோடு நீங்கள் கேட்கலாம்.