மடியில் வைக்க முடியாத மடிக்கணினி

காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில். இரவு ஏழரைக்கு விருந்து; ஈப்போவில், குளிரூட்டிய மண்டபத்தில். காலையில் கட்டிய தாலியை இரவில் சாப்பிட வருகிறவர்கள் பெரிய திரையில் ஐந்து நிமிடப் படமாகப் பார்த்தாக வேண்டும். 'சேம் டே எடிட்' என்கிறார்கள். ஒரு காலத்தில் கல்யாணக் கேசட் கைக்கு வருவதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளே வந்துவிடும். இப்போது பாயசம் வருமுன் படம் வர வேண்டும்.

என் சின்னம்மா மகன் இந்தத் தொழிலில் இருக்கிறான். புந்தோங்கில் வீடு, முன்னறையில் ஒரு டெஸ்க்டாப், இரண்டு திரைகள், எந்நேரமும் சுழலும் மேசை விசிறி. மூன்று மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தான். "அண்ணே, நீங்க எழுதுறவரு, சொல்லுங்க. இத வித்துட்டு ஒரு பெரிய லேப்டாப் எடுத்திரவா?" எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி ஆள் அவனாகத்தான் இருப்பான். கடைக்கு வந்து பார்க்க மாட்டேன் என்றேன். கடையில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். கூட்டாளி ஒருவனிடம் இருந்த பதினெட்டு அங்குலத் திரை மடிக்கணினியை ஒரு நாளைக்கு இரவல் வாங்கச் சொன்னேன். அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்கே போனோம்.

பெயர்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். எடை மூன்று கிலோவுக்கு மேல். அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரைப் பையன்கள் செங்கல் என்றுதான் சொல்கிறார்கள்; அது தனியே ஒரு கிலோ. இதைப் போய் சுமை என்று சொன்னால் எங்கள் பாட்டி சிரித்திருப்பாள். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவள் அவள். கணினி உலகத்திலும் இது பெரிய பாரமில்லை. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 ஏறக்குறைய பதினோரு கிலோ. கையில் தூக்கிப் போகலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். 2006-இல் டெல் வெளியிட்ட எக்ஸ்பிஎஸ் எம்2010-க்கு இருபது அங்குலத் திரை, எட்டு கிலோவுக்கு மேல் எடை. அந்தக் காலத்தில் 'மல்டிமீடியா' என்று ஒட்டியிருந்தால் டிவிடி ஓடும், டிவி வரும், ரிமோட் ஒன்று கூட வரும் என்று அர்த்தம். அதெல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டது. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் படம் பார்ப்பது பொருளில்லை, படம் செய்வது.

கோயிலைச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் இப்போது யாரும் குடியில்லை. லயங்கள் இடிந்து, ஆட்கள் சுங்கை சிப்புட்டுக்கும் சிம்மோருக்கும் ஈப்போ தாமான்களுக்கும் போய்விட்டார்கள். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை வேலி போட்டுக் காக்கிறார்கள்; இங்கே ஒரு பால்மரம்கூடக் கிடையாது, கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. கோயில் மட்டும் நிற்கிறது. கல்யாணம், திருவிழா என்றால் எல்லோரும் கார் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

அன்று மின்சாரம் ஜெனரேட்டரில். மடப்பள்ளிச் சுவரோரம் ஒரே நீட்டுக் கம்பி. அதில் ஒலிபெருக்கி, இரண்டு பெரிய விசிறி, எங்கள் செங்கல். தாலி கட்டு முடிந்து அட்சதை விழுந்துகொண்டிருந்தபோது ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. மைக் செத்தது, விசிறி நின்றது, ஐயர் அண்ணாந்து பார்த்தார். மடிக்கணினி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலக் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்புக்கு இந்தப் பொறுமை கிடையாது. போன வருடம் ஒரு பிற்பகல் மழையில் இடி விழுந்து தம்பியின் டெஸ்க்டாப் தாய்ப்பலகை எரிந்துபோனது. உலகத்தில் மின்னல் மிகுந்த நாடுகளில் நம்முடையதும் ஒன்று; ஈப்போக்காரர்களுக்கு அதைப் புள்ளிவிவரம் சொல்லி விளக்க வேண்டியதில்லை, மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம்.

ஆனால் அந்த மின்கலத்தை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. விமானத்தில் கேள்வியின்றிக் கொண்டுபோகும் மின்கலத்துக்கு எல்லை 100 வாட்-மணி. அதனால் எவ்வளவு பெரிய மடிக்கணினி என்றாலும் மின்கலம் 99-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. இந்த இயந்திரமோ முழு மூச்சில் ஓடினால் 300 வாட்டை விழுங்கும். கணக்குப் போட்டால் இருபது நிமிடம். அதற்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கிய மறுநொடியே அது தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. மின்கலத்தில் ஓடும்போது அது வேறு கணினி. நகலெடுக்கும், மெயில் பார்க்கும். படத்தொகுப்பு என்று உட்கார்ந்தால் முனகும்.

டெஸ்க்டாப்புக்கு மாற்று என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். நகைக்கடையில் மாற்று என்றால் வேறு பொருள். உரசிப் பார்த்துத் தங்கத்தின் தரம் சொல்வது. இந்த மாற்றையும் அப்படி உரசித்தான் பார்க்க வேண்டும். முதல் உரசலிலேயே பெயர் உதிர்கிறது. எங்கள் இரவல் இயந்திரத்தில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலைச் சில்லு. டெஸ்க்டாப்பில் வரும் 4090-க்கும் அதே பெயர். அதில் 16,384 கருக்கள், 24 ஜிபி நினைவகம், 450 வாட் வரை இழுக்கும். மடிக்கணினியில் வருவதற்கு 9,728 கருக்கள், 16 ஜிபி, 150 வாட்டும் அதற்குமேல் கொஞ்சமும். தாத்தா பெயரை வைத்ததால் பேரன் தாத்தா ஆகிவிடுவானா? மோசமான சில்லு என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடக் கல்யாணப் படத்துக்கு அது தாராளம். ஆனால் பெயரைப் பார்த்து விலை கொடுப்பவர் பாதியைத்தான் வாங்குகிறார்.

அடுத்தது வெக்கை. எனக்கு இதுதான் முக்கியம். இணையத்தில் வரும் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், 22 டிகிரிபோல இருக்கும் இடத்தில் நடப்பவை. மடப்பள்ளி ஓரத்தில் 33 டிகிரி. பக்கத்தில் சாம்பார் அண்டா வேறு. சில்லு 100 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூட்டை வெளியே தள்ளும் வேகம் ஏறக்குறைய உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அங்கே 78 டிகிரி வித்தியாசம், இங்கே 67. ஏழில் ஒரு பங்கு சக்தி, சில்லில் ஒரு குறையும் இல்லாமலே, நம் ஊர்க் காற்றில் போய்விடுகிறது. 'கோர் ஐ9 13980எச்எக்ஸ்' என்ற அதன் செயலி உச்சத்தில் 157 வாட் வரை பாயும், அடிநிலை 55 வாட். முதல் இரண்டு நிமிடம் அது பாய்ச்சல் காளை. பாய்ச்சலைப் பார்த்து வாங்கிய காளை உழவுக்கு ஆகாது. நாற்பதாவது நிமிடத்தில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். பதில் வராது.

இரண்டு வாழைப்பழச் சீப்புகளை அடியில் முட்டுக்கொடுத்துப் பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி வைத்தான் தம்பி. விசிறியின் அலறல் ஒரு சுருதி இறங்கியது. கல்யாண வீட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த குளிர்விப்புக் கருவி அதுதான்.

பிறகு வந்தது அன்றைய பெரிய சோதனை. படத்தைத் தொகுப்பு மென்பொருளில் போட்டு ஓட்டினால் திக்குகிறது. மாலை மாற்றும்போது மணமகள் கை பாதி வழியில் நின்று, குதித்து, மாப்பிள்ளை கழுத்தில் போய் விழுகிறது. இவ்வளவு விலை உள்ள இயந்திரம்! தம்பிக்கு வியர்த்துவிட்டது. "அண்ணே, வீட்டு டெஸ்க்டாப்புல இப்படி ஆனதே இல்ல."

காரணம் நுணுக்கமானது, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நல்ல கேமராக்கள் இப்போது 4:2:2 என்ற முறையில், பத்து பிட்டில், எச்.265-இல் பதிகின்றன. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் தனித்தனியே எழுதி, நிறத்தை இரண்டு புள்ளிக்கு ஒரு முறை எழுதும் முறை. சாதாரணமான 4:2:0-இல் நான்கு புள்ளிக்கு ஒரு முறைதான் நிறம். கூறைச் சேலையின் சரிகை ஓரம் சிதறாமல் வருவது 4:2:2-ஆல்தான். என்விடியாவின் சில்லுகளில் 2025-இல் வந்த 50 வரிசைதான் இந்தப் பதிவை முதன்முதலாக நேரடியாக விரிக்கக் கற்றது; 4090-க்கு அது தெரியாது. இன்டெல் செயலிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வரைகலைப் பகுதியோ பல வருடம் முன்பே கற்றுவிட்டது. தம்பி வீட்டு டெஸ்க்டாப்பில் அந்தச் சின்னவன் அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தான். இங்கேயும் இருந்தான், ஆனால் உரிமையாளர் கேம் விளையாடுகிறவர், வேகத்துக்காக அவனை அணைத்துவிட்டுப் பெரிய சில்லு மட்டும் ஓடும்படி வைத்திருந்தார். அமைப்பை மாற்றி, கணினியை அணைத்து ஏற்றினோம். மணமகள் கை தடங்கலின்றி மாலை போட்டது.

விலைப்பட்டியலில் இதெல்லாம் வராது. பெரிய சில்லின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வேலையை முடித்துக் கொடுத்தவன் பெயர் எங்கும் இருக்காது. கங்காணிக்கும் பால் வெட்டியவர்களுக்கும் இருந்த கணக்குப் போலத்தான்.

சேமிப்பிடத்தைப் பற்றி ஒரு வரி. அந்தப் பதிவு நொடிக்கு 140 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம் என்றால் 500 ஜிபியைத் தாண்டுகிறது. ஒரு டிபி மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். இரண்டாவது வட்டு செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரை நன்றாக இருந்தது. மலிவான கேம் மடிக்கணினிகளில் திரையில்தான் கைவைப்பார்கள். குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும், அதை நம்பி நிறம் திருத்தினால் மண்டபத் திரையில் மணமகள் முகம் காய்ச்சல் வந்ததுபோலத் தெரியும். விவரத்தில் 'எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம்' என்று இருந்தால் கவலையில்லை. '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால் திரும்பி வாருங்கள். ஒலிபெருக்கி எந்த மடிக்கணினியிலும் ஒப்புக்குத்தான். உறுமி மேளத்தின் அடித்தொண்டை அதில் வராது. ஹெட்போனைப் போட்டபோதுதான் நாதஸ்வரத்துக்கு அடியில் உறுமி இருந்ததே தெரிந்தது.

பணத்துக்கு வருவோம். 4090 உள்ள மடிக்கணினிகள் வந்த புதிதில் பதினைந்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் விற்றன. 2025-இலிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒன்பது மாதச் சம்பளம். தவணையில் எடுக்கலாம்தான், ஆனால் தவணை முடியுமுன் இயந்திரம் முடிந்துவிட்டால்? எரிந்த டெஸ்க்டாப்பில் தம்பி தாய்ப்பலகையை மட்டும் மாற்றினான். மறுநாள் மாலை ஓடியது. மடிக்கணினியில் செயலியும் வரைகலைச் சில்லும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. ஒன்று போனால் எல்லாம் போனது. இத்தனைக்கும் இந்தப் பொருள்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. இன்டெல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது 1972-இல். பாரிட் புந்தார், பாகான் செராய் பக்கத்திலிருந்து விடியுமுன் தொழிற்சாலைப் பஸ் ஏறி, பினாங்கில் சில்லுகளைச் சோதித்துவிட்டு வந்த அக்காமார் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் கையால் தேறிய சில்லைத்தான் நாம் இன்றைக்குத் தவணையில் வாங்குகிறோம்.

ஆறு மணிக்கு ஈப்போ மண்டபத்தின் பின்னறையில் தம்பியிடம் சொன்னேன்: டெஸ்க்டாப்பை விற்காதே. இரண்டு மணி நேர முழுப் படம், ஆல்பம், இரவெல்லாம் ஓடும் வேலை எல்லாம் அதற்கு. பதினாறு அங்குலத்தில் நடுத்தர மடிக்கணினி ஒன்று வாங்கு. 4:2:2 விரிக்கத் தெரிந்ததா, திரை நல்லதா, இரண்டு வட்டு போகுமா என்று மட்டும் பார். இந்த ராட்சசனின் விலையில் பாதிகூட ஆகாது. ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு ராட்சசன் வீண் செலவு. உன்னைப்போல ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு வீண் சுமை. இதை வாங்க வேண்டியவர் அறை மாறிக்கொண்டே இருப்பவர்; வாடகை வீடோ விடுதியோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுகிறவர். அவருக்கு இது உண்மையிலேயே டெஸ்க்டாப்.

"இன்னிக்கு முடிச்சுக் குடுத்திருச்சே அண்ணே," என்றான். முடித்துத்தான் கொடுத்தது. ஏழு பத்துக்குப் படம் தயார். எட்டரைக்குத் திரையில் ஓடியபோது, ஜெனரேட்டர் நின்று ஐயர் அண்ணாந்து பார்த்த காட்சிக்குத்தான் கைதட்டல் அதிகம்.

மறுநாள் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். இரவு பத்து மணிக்கு உரிமையாளரிடமிருந்து போன். "டேய், என்னடா பண்ணி வெச்ச? கேம் ஏன் இப்படி மெதுவா ஓடுது?" அணைத்து வைத்திருந்த சின்னவனை எழுப்பிவிட்டு, மறுபடி தூங்கவைக்க நாங்கள் இருவருமே மறந்திருந்தோம்.