நீண்ட குறிப்புகளைப் புதிய செயலிக்கு மாற்றும் முன்



நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் விவரங்களைப் பல வருடங்களாக வேர்டில் ஒரே நீண்ட கோப்பாக எழுதி வந்தோம். அண்மையில் அதைக் கூகுள் டாக்ஸுக்கு மாற்றியபோது தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்ததே காரணம். பாமினியில் தோற்றம்தான் தமிழ். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து. ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றினோம்.

வீட்டில் இதுபோன்ற குறிப்பு வைத்திருப்போர் கவனிக்க:

1. கொடுத்த கடன், வாங்கிய கடன், அமானிதம், ஜகாத் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'ஹெடிங் 1' கொடுங்கள். வருடங்களுக்கு 'ஹெடிங் 2'. பிறகு பக்கத்தில் தோன்றும் தலைப்புப் பட்டியலைத் தொட்டால் அந்த இடத்துக்கே செல்லலாம்.

2. பழையதிலும் புதியதிலும் பதிவுகளின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒத்துவருகிறதா எனப் பாருங்கள். அதுவரை பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.

3. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அனுமதியைக் கொடுக்காதீர்கள். கடன்பட்டவரின் மானமும் அமானிதமே. நம்பிக்கையான ஒருவரை மட்டும் அவரது மின்னஞ்சல் வழியே சேருங்கள்.

கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா சூராவின் 282ஆம் வசனம் ஏவுகிறது. வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் முன் மையித்தின் கடனை அடைக்க வேண்டும். எழுதியதை அவர்களால் படிக்க முடிந்தால்தானே அடைப்பார்கள்?

அல்லாஹ் நம் கணக்குகளை இலேசாக்குவானாக, ஆமீன்.